சுங்கை சிப்புட்: மழை இருட்டும் நேரத்தில் கடை சர்வர் காணாமல் போகிறது, உதவி வேண்டும்

உரக்கடை மகள் | செவ்வாய், மாலை 5.40

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். சுற்றியுள்ள தோட்டங்களுக்கும், சொந்தமாகச் செம்பனை போட்டிருப்பவர்களுக்கும் யூரியா, பொட்டாஷ், களைக்கொல்லி, அரிவாள், தள்ளுவண்டிச் சக்கரம் வரை கொடுக்கிறோம். கணக்கும் கணினியும் என் பொறுப்பு.

கடையில் நான்கு கணினிகள். கவுண்டரில் இரண்டு, கணக்கறையில் ஒன்று, பின்னால் ஸ்டோரில் ஒன்று. பில் போடும் மென்பொருளின் தரவு முழுவதும் சர்வரில் இருக்கிறது. கணக்கறை மேசைக்கு அடியில் நிற்கும் டவர், விண்டோஸ் சர்வர் 2019. முகவரி 192.168.1.10, தானாக வாங்காமல் கையால் போட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெரிய இடி. மெயின் ட்ரிப் ஆனது. திரும்பத் தூக்கிவிட்டுப் பார்த்தால் ரவுட்டர் செத்துக் கிடக்கிறது, சுவிட்சில் ஒரு போர்ட்டும் போய்விட்டது. பயந்துபோய் அன்று முழுக்க சர்வரை அணைத்தே வைத்திருந்தோம். மறுநாள் காலையில் இணையக் கம்பெனி ஆள் வந்து புது ரவுட்டர் மாட்டினார். அவர் போன பிறகு, மதியத்துக்கு மேல்தான் சர்வரைப் போட்டேன். தொல்லை அன்றிலிருந்து.

தினமும் இரண்டரை, மூன்று மணிவாக்கில், மழை இருட்டிக்கொண்டு வரும் சமயம், கவுண்டர் கணினி இரண்டும் "சர்வருடன் தொடர்பு இல்லை" என்று நின்றுவிடும். கணக்கறைக் கணினி சில நாள் தப்பிக்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும். கேபிள் மாற்றினேன், சுவிட்ச் புதிது வாங்கினேன், சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடம் ஓடிவிட்டு மறுபடி நிற்கிறது.

வந்து பார்த்த ஒருவர், போர்டில் ஈரம் இறங்கிவிட்டது, புது சர்வர் வாங்குங்கள் என்று ஆறாயிரம் ரிங்கிட்டுக்குமேல் கணக்குச் சொல்லியிருக்கிறார். அப்பா வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறார். அதற்கு முன் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அந்த நேரத்தில்தான் தோட்டத்துக் கிராணிகள் (கணக்குப்பிள்ளைகள்) வந்து நிற்பார்கள். கையால் பில் எழுதி, ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

பத்துகாஜா ஒயர்மேன் | செவ்வாய், இரவு 8.15

தங்கச்சி, ஸ்டோருக்குப் போகும் லேன் கேபிள் வெளியில் போகிறதா? அப்படியென்றால் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். ரவுட்டரும் போர்ட்டும் சேர்ந்து போனது அந்த வழியாக இருக்கலாம். தண்ணீர் இறங்கிய கேபிளும் இப்படி மழை நேரத்தில் படுத்தும். நாளைக்கு நின்றுபோனதும் அந்தக் கேபிளை சுவிட்சிலிருந்து உருவிவிட்டுப் பார்.

கூலிம் சர்வர் | செவ்வாய், இரவு 9.50

சர்வர் வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஈரம் இறங்கிய போர்டு நாலு மணிக்குத் தானாகக் காய்ந்து வேலை செய்யாது.

இரண்டு காரியம் செய்யுங்கள். காலையில் எல்லாம் நன்றாக இருக்கும்போது கவுண்டரிலிருந்து சர்வர் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டு, வரும் நான்கு வரியையும் அப்படியே எழுதி வையுங்கள். நின்றுபோன நேரத்தில் மறுபடி போட்டு அதையும் எழுதுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணிக்கு நின்றது, எப்போது சரியானது, அந்த நேரத்தில் கடையில் என்ன நடந்தது என்று குறியுங்கள். மழையை மட்டும் குறிக்க வேண்டாம். யார் வந்தார்கள், எந்த மெஷின் ஓடியது, எல்லாவற்றையும்.

உரக்கடை மகள் | புதன், மாலை 3.20

ஒயர்மேன் அண்ணே, கேபிள் வெளியில்தான் போகிறது. கூரைத் தகரத்தை ஒட்டி ஐம்பது மீட்டருக்குமேல் இருக்கும். உருவிப் பார்த்தேன், மாற்றமில்லை.

கூலிம் அண்ணே, எனக்குத் தலை சுற்றுகிறது. தொடர்பு இல்லை என்று மென்பொருள் சொல்கிறது, ஆனால் பிங் போகிறது! காலையில் நான்கு வரியிலும் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்குக் குறைவு, டிடிஎல் 128. இப்போது நேரம் 84, 12, 131, 46. டிடிஎல் 64. பதில் வருகிறதென்றால் சர்வர் உயிரோடுதானே இருக்கிறது?

கூலிம் சர்வர் | புதன், மாலை 4.05

நன்றாக எழுதி வைத்தீர்கள் தங்கச்சி. விடை அந்த எண்களிலேயே இருக்கிறது. சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் மதியம் உங்களுக்குப் பதில் சொன்னது அது இல்லை.

டிடிஎல் என்பது ஒவ்வொரு பொட்டலமும் கிளம்பும்போது எடுத்துக்கொண்டு வரும் எண். வழியில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். ஒரே கடைக்குள் ரவுட்டரைத் தாண்ட வேண்டியதில்லை, அதனால் கிளம்பிய எண்ணே வந்து சேரும். விண்டோஸ் வழக்கமாக 128-இல் தொடங்கும். லினக்ஸ், ஆண்ட்ராய்ட், ஐபோன் எல்லாம் 64. காலையில் பதில் சொன்னது விண்டோஸ். மதியம் பதில் சொன்னது வேறு சாதி.

நேரத்தைப் பாருங்கள். ஒயரில் இருக்கும் சர்வர் ஒரு மில்லிசெகண்டுக்குள் திரும்பச் சொல்லும். 84, 12, 131 என்று ஏறி இறங்கினால் அது வைஃபையில் இருக்கும் பொருள். தூங்கித் தூங்கி விழிக்கும் கைப்பேசி இப்படித்தான் பதில் சொல்லும்.

யாரோ ஒருவர் உங்கள் சர்வரின் முகவரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே வீட்டு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் எங்கே போடுவார்? எந்தக் கணினி யாரிடம் பதில் வாங்கியதோ அதையே கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதனால்தான் கணக்கறைக் கணினி சில நாள் தப்பிக்கிறது.

நாளைக்கு நின்றதும் பிங் போட்டுவிட்டு, அதே கறுப்புத் திரையில் ஏஆர்பி, இடைவெளி, கோடு, ஏ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 192.168.1.10-க்கு நேராக ஒரு மேக் முகவரி, அதாவது வலையில் அந்தக் கருவியின் அடையாள எண், வரும். சர்வரின் சொந்த மேக் முகவரியோடு ஒப்பிடுங்கள். சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில் 4199 என்ற எண்ணையும் தேடுங்கள். முகவரி மோதினால் விண்டோஸ் அந்த எண்ணில் எழுதி வைக்கும்.

தாப்பா அச்சகம் | புதன், இரவு 7.30

எங்கள் அச்சகத்தில் பிரிண்டருக்கு இதே கதை நடந்தது தங்கச்சி. புது ரவுட்டர் வந்த பிறகுதான். பழைய ரவுட்டரில் யாரோ கவனமாகச் செய்து வைத்திருந்த அமைப்பு, புதிதில் இருக்காது. புதிதை மாட்டுகிறவர் இணையம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ரவுட்டர் முகவரி கொடுக்கும் வரம்பு எதிலிருந்து எதுவரை என்று பாருங்கள்.

உரக்கடை மகள் | வியாழன், மாலை 3.45

4199 இருக்கிறது! ஒன்றல்ல, பதினேழு. எல்லாமே மூன்று வாரத்துக்குள் வந்தவை. மேக் முகவரியும் சர்வருடையது இல்லை. புதிதாக வந்திருக்கும் முகவரியின் இரண்டாவது இடத்தில் 6 இருக்கிறது. ரவுட்டருக்குள் போக முடியவில்லை. பின்னால் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது, மாட்டியவர் மாற்றியிருக்கிறார் போல. கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்கள்.

கூலிம் சர்வர் | வியாழன், இரவு 9.10

இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ இந்த நான்கில் ஒன்று வந்தால் அது தொழிற்சாலையில் போட்ட எண் இல்லை, கருவி தானே உருவாக்கிக்கொண்டது. இப்போதைய கைப்பேசிகள் தங்களை யாரும் பின்தொடரக் கூடாதென்று வைஃபைக்கு இப்படி ஒரு போலி எண்ணைக் காட்டும். ஆண்ட்ராய்டில் 10-ஆம் பதிப்பிலிருந்து, ஐபோனில் ஐஓஎஸ் 14-இலிருந்து வழக்கம். ஒரே வைஃபைக்குப் பெரும்பாலும் ஒரே போலி எண்ணைக் காட்டுவதால், ரவுட்டரும் அதற்குப் பழைய முகவரியையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். ஆக, அது ஒரு கைப்பேசி. தினமும் மதியம் உங்கள் கடைக்கு வந்து போகிற ஒருவருடையது.

உரக்கடை மகள் | சனி, மாலை 6.30

அண்ணே, கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. மதியம் இடி வேறு. ஆனால் சர்வர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இன்றைக்கு நல்ல வெயில், ஒரு பொட்டு மழையில்லை, ஆனால் ஒரு மணிக்கே நின்றுவிட்டது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்று எங்கள் லாரி பிரேக் வேலைக்குப் பட்டறையில் நின்றது. இன்று சனிக்கிழமை, ஒரே நடை, ஒரு மணிக்குத் திரும்பிவிட்டது.

யூரியா நனையக் கூடாது. அதனால் மழை இறங்குவதற்குள் லாரி டிரைவர் அண்ணன் மிச்ச மூட்டைகளோடு கடைக்குத் திரும்பிவிடுவார். இந்த அக்டோபரில் தினமும் மூன்று மணிக்கு மழை. நான் மழையைப் பார்த்தேன், லாரியைப் பார்க்கவில்லை. அவர் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வெளியூரில் படிக்கும் மகளிடம் வீடியோவில் பேசுவார். நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். புது ரவுட்டர் வந்த அன்று காலையில், சர்வர் அணைந்திருந்த நேரத்தில், அவருக்கு வைஃபை பாஸ்வேர்டு அடித்துக் கொடுத்ததே நான்தான். அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். 192.168.1.10.

பாவம், அவர் பதறிவிட்டார். "நான் ஏதும் தொடவில்லை பாப்பா" என்று நாலு தடவை சொன்னார். உங்கள் மேல் தப்பே இல்லை அண்ணே என்று உட்காரவைத்து விளக்கினேன்.

கூலிம் சர்வர் | சனி, இரவு 8.00

அருமை. பழைய ரவுட்டர் முகவரியின் கடைசி எண்ணை 100-க்குமேல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். புதிது 2-லிருந்து 254 வரை எல்லாவற்றையும் தன் சொத்தாக நினைக்கிறது. 10-ஐக் கொடுத்த நேரத்தில் சர்வர் அணைந்திருந்தது, அதனால் காலி என்று நினைத்துக் கொடுத்துவிட்டது.

பாஸ்வேர்டு வந்ததும் டிஎச்சிபி வரம்பை, அதாவது ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் வரம்பை, 100 முதல் 199 என்று மாற்றுங்கள். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். டிரைவர் கைப்பேசியில் அந்த வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி சேருங்கள். கையால் முகவரி போட்ட மற்றவை என்னென்ன? பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், விரல் வைக்கும் மெஷின், எல்லாம் 100-க்குக் கீழே இருக்க வேண்டும்.

தாப்பா அச்சகம் | சனி, இரவு 8.40

நான் பிரிண்டருக்கு ரவுட்டரிலேயே மேக் முகவரியைக் காட்டி முகவரியை ஒதுக்கி வைத்தேன். சர்வருக்கும் அப்படிச் செய்தால் எல்லாம் ஒரே இடத்தில் தெரியுமே?

கூலிம் சர்வர் | சனி, இரவு 9.05

பிரிண்டருக்கு அது நல்ல வழி அக்கா. சர்வருக்கு நான் செய்ய மாட்டேன். நம் ஊர் இடியில் முதலில் சாவது ரவுட்டர்தான். அது செத்த நாளில் சர்வர் முகவரி கேட்டு அலையக் கூடாது. ரவுட்டர் இல்லாவிட்டாலும், சுவிட்ச் மட்டும் இருந்தால் கடைக்குள் பில் போட முடிய வேண்டும். கையால் போட்ட முகவரி, வரம்புக்கு வெளியே.

இன்னொன்று தங்கச்சி. வைஃபையை இரண்டாகப் பிரியுங்கள். விருந்தினர் வைஃபை என்று ரவுட்டரில் இருக்கும். டிரைவர், வாடிக்கையாளர், சொந்தக்காரர் எல்லோரும் அதில். அதிலிருந்து இணையம் மட்டும் கிடைக்கும், சர்வர் கண்ணுக்கே தெரியாது. உங்கள் மற்ற கணினிகளில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால் அதற்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது. அதை வெளியாள் கைப்பேசியோடு ஒரே வலையில் விடவே கூடாது.

உரக்கடை மகள் | திங்கள், மாலை 4.30

பாஸ்வேர்டு வந்தது. நீங்கள் சொன்னதுபோலவே 2 முதல் 254. மாற்றிவிட்டேன். கேமரா ரெக்கார்டர் 150-இல் இருந்தது, 30-க்குக் கொண்டுவந்தேன். கைப்பேசிகளெல்லாம் விருந்தினர் வைஃபைக்குப் போய்விட்டன. ஓர் அட்டையில் எந்தப் பொருளுக்கு எந்த முகவரி என்று எழுதி சுவிட்ச் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

2.50-க்கு லாரி வந்தது. டிரைவர் அண்ணன் மகளோடு பேசத் தொடங்கினார். நான் கவுண்டரில் பிங்கை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 128, 128, 128. மூன்று கிராணிகளுக்கு வரிசையாக பில் அடித்துக் கொடுத்தேன். அப்பா சர்வர் வாங்கும் பேச்சை விட்டுவிட்டார். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒயர்மேன் அண்ணே, நீங்கள் சொன்ன வெளிக் கேபிள் மனதில் உறுத்துகிறது. அதை என்ன செய்யலாம்?

பத்துகாஜா ஒயர்மேன் | திங்கள், இரவு 8.20

மிச்சமான பணத்தில் சின்னப் பங்கை அதற்கு எடுத்து வை. கடைக்கும் ஸ்டோருக்கும் நடுவே செம்புக் கம்பி இருக்கிறவரை, எங்கோ பக்கத்தில் மின்னல் இறங்கினாலும் அதன் வேகம் அந்தக் கம்பியில் ஏறி இரண்டு பக்கமும் அடிக்கும். நேரடியாக அடிக்கத் தேவையில்லை. அதை எடுத்துவிட்டு ஃபைபர் இழு. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் வழக்கமான லேனாக மாறிவிடும்.

வாங்கும்போது ஒன்று கவனி. வீடுகளுக்கு இழுக்கும் ஃபைபர் சிலவற்றில் தொங்கவிடுவதற்காக ஓரத்தில் இரும்புக் கம்பி வரும். அது இருந்தால் மறுபடி மின்னலுக்கு வழி விட்டதுபோலத்தான். உலோகமே இல்லாததாகக் கேட்டு வாங்கு. கிடைக்காவிட்டால் அந்த இரும்புக் கம்பியை இரண்டு சுவருக்கும் வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுபோ. தீபாவளிக்கு முன்னால் செய்வதானால் சொல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து இழுத்துக் கொடுக்கிறேன்.