விட்ட குறை தொட்ட குறை: கீட்டன் பேட்மேனைத் திரும்பச் சந்தித்த அனுபவங்கள்

டிம் பர்ட்டன் இயக்கி மைக்கேல் கீட்டன் நடித்த பேட்மேன் படங்கள் இரண்டே இரண்டுதான். 1989இல் ஒன்று, 1992இல் இன்னொன்று. மூன்றாவது இதோ வருகிறது, அதோ வருகிறது என்று காத்திருந்தோம். 1995இல் வந்ததில் இயக்குநர் வேறு, நடிகர் வேறு, பேட்மேனின் ஊரான காத்தம் நகரமே வேறு. அந்த ஏமாற்றத்திலேயே வளர்ந்தவன் நான்.

இப்போது சில வருடங்களாக அந்தப் பழைய காத்தமுக்குப் புதுக் கதைகள் வருகின்றன. காமிக்ஸ் வந்தது, நாவல் வந்தது, நடுவில் ஒரு படத்தில் கீட்டனே வந்து போனார். அதனால் கேட்கிறேன்: அந்த இரண்டு படங்களுக்கு வெளியே அந்த பேட்மேனை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்? இனி வரும் கதைகளில் எதைப் பார்க்க ஆசை? சூப்பர், மொக்கை என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், நடந்ததைச் சொல்லுங்கள்.

முதலில் என் கதை, அதற்குக் கீழே ஒவ்வொருவராக மற்றவர்கள் எழுதியது. 2024 அக்டோபரில் ஜான் ஜாக்சன் மில்லர் எழுதிய 'பேட்மேன்: ரிசரக்‌ஷன்' நாவல் வெளியானது. முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவில் நடக்கும் கதை. வாங்கி வைத்துவிட்டு மூன்று நாள் தொடவில்லை. இதிலும் ஏமாந்தால் தாங்காது என்று ஒரு பயம். நான்காம் நாள் தூக்கம் வராமல் எடுத்தேன், விடியும்வரை கீழே வைக்கவில்லை.

என்னைப் பிடித்து இழுத்தது சண்டையோ புது வில்லன் கிளேஃபேஸோ இல்லை. முதல் படத்தில் வில்லன் ஜோக்கர் அழகுசாதனப் பொருட்களில் ஸ்மைலெக்ஸ் விஷத்தைக் கலந்துவிடுவான் அல்லவா? கடைசியில் தேவாலயக் கோபுரத்திலிருந்து விழுந்து செத்தும் போவான். சரி, அந்த விஷத்தில் மாட்டியும் சாகாமல் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? முப்பத்தைந்து வருடமாக அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இந்தக் கேள்வி ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. படத்துக்குள்ளேயே கிடந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் வழியாக உள்ளே போயிருந்தார் அந்த எழுத்தாளர். பேட்மேன் பேசும் இடங்களில் கீட்டனின் அடங்கிய குரல்தான் காதில் கேட்டது. 2025இல் ரிட்லர் என்ற வில்லனை வைத்து 'பேட்மேன்: ரெவல்யூஷன்' என்று இரண்டாவது நாவலும் வந்துவிட்டது.

என் ஆசையும் அந்த வழியில்தான். உலகம் அழியப்போகிறது, காப்பாற்று என்ற கதை எனக்கு வேண்டாம். இரண்டு படங்களுக்கும் நடுவில் மூன்று வருடம் கிடக்கிறது. அந்த மூன்று வருடத்து ராத்திரிகளைச் சொன்னால் போதும்.

* * *

எனக்கு வர வேண்டிய பாக்கி ஹார்வி டென்ட்.

1989 படத்தில் அரசு வழக்கறிஞர் டென்ட்டாக பில்லி டீ வில்லியம்ஸ் வருவார். மொத்தமே சில காட்சிகள். காமிக்ஸ் படித்தவர்களுக்கு அவர் பின்னால் டூ-ஃபேஸ் என்ற வில்லன் ஆவார் என்று தெரியும். அவரும் அந்த நம்பிக்கையில்தான் அந்தச் சின்ன வேடத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் 1995 படத்தில் டூ-ஃபேஸாக வந்து நின்றவர் டாமி லீ ஜோன்ஸ். பள்ளிக்கூட வயதில் எனக்கு இது துரோகமாகத் தெரிந்தது. "அவர் எங்கேப்பா?" என்று அப்பாவைக் கேட்டேன். "யார் அவர்?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம் 2017இல், லெகோ பேட்மேன் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் டூ-ஃபேஸுக்குக் குரல் கொடுத்தவர் பில்லி டீ வில்லியம்ஸ். பேசியது கொஞ்சம்தான். இருட்டில் நான் மட்டும் சிரித்தேன். "எதுக்குப்பா சிரிக்கிறீங்க?" என்றாள் மகள். இருபத்தெட்டு வருடக் கதையை இடைவேளையில் எப்படிச் சொல்வது?

முழு வட்டியோடு பாக்கி வந்து சேர்ந்தது 2021இல், 'பேட்மேன் '89' காமிக்ஸில். எழுதியது சாம் ஹாம், அதாவது முதல் படத்தின் திரைக்கதை எழுத்தாளர்களில் ஒருவர். வரைந்தது ஜோ கினோனஸ். முதல் இதழைத் திறந்தால் டென்ட்டுக்கு பில்லி டீ வில்லியம்ஸின் முகம். அவர்தான் டூ-ஃபேஸும். இன்னொன்றும் உண்டு. இரண்டாம் படத்தில் பேட்மேனின் கூட்டாளி ராபினாக நடிக்க மார்லன் வேயன்ஸை ஒப்பந்தம் செய்துவிட்டு, ஏற்கெனவே பாத்திரங்கள் அதிகம் என்று அந்த வேடத்தையே எடுத்துவிட்டார்கள். காமிக்ஸில் ட்ரேக் வின்ஸ்டன் என்ற பெயரில் வரும் ராபினுக்கு அவருடைய சாயல். நடக்காமல் போன இரண்டு விஷயத்தையும் ஒரே புத்தகத்தில் நடத்திக் காட்டினார்கள்.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. மொத்தம் ஆறு இதழ். அதற்குள் டூ-ஃபேஸ், ராபின், பார்பரா கார்டன், கேட்வுமன் என்று ஆளைத் திணித்ததில் யாருக்கும் மூச்சுவிட இடமில்லை. டென்ட் மனம் மாறுவதற்கு மட்டும் இரண்டு இதழ் கொடுத்திருக்கலாம். 2023 கடைசியில் தொடங்கிய அடுத்த தொடர் 'எக்கோஸ்' இன்னொரு விதத்தில் சோதித்தது. இதழுக்கு இதழ் இடைவெளி இழுத்துக்கொண்டே போய், முந்தின இதழில் வில்லன் ஸ்கேர்குரோ என்ன செய்தான் என்பதே மறந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து புரட்டினேன்.

ஆனாலும் அந்த முதல் இதழை இன்னும் தனியாக உறை போட்டு வைத்திருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன், இவர்தான் அவர் என்று.

* * *

நான் சந்தித்தது 2023 ஜூனில், தியேட்டரில், இன்னொரு சூப்பர்ஹீரோவின் படமான 'தி ஃப்ளாஷ்'இல்.

கீட்டன் வருகிறார் என்று ட்ரெய்லரிலேயே தெரியும். இருந்தும் டேனி எல்ஃப்மேனின் அந்தப் பழைய இசை ஒலித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, என்னை ஒரு மாதிரி பார்த்தான். தாடியும் நீண்ட முடியுமாக, பாழடைந்த மாளிகையில் தனியாக இருக்கும் புரூஸ் வேய்ன், அதாவது முகமூடி இல்லாத பேட்மேன். காலத்தைப் பின்னால் போய்த் தொட்டால் என்ன ஆகும் என்று நூடுல்ஸ் மாதிரியான ஸ்பெகட்டியை வைத்து விளக்குவார். அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பொற்காலம்.

அப்புறம்தான் கோபம். இந்த ஆள் ஏன் ஒதுங்கினான், இடையில் என்ன நடந்தது, யாரை இழந்தான்? ஒன்றுக்கும் பதில் கிடையாது. பழைய வசனத்தைச் சொல்ல வைத்தார்கள், கைதட்டு வாங்கினார்கள், கடைசிச் சண்டையில் கொன்றுவிட்டார்கள். கருவேப்பிலை மாதிரி வாசனைக்குப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். இதற்கு முந்தின வருடம் இன்னொரு அடி. கீட்டனும் நடித்த 'பேட்கேர்ள்' படத்தை எடுத்து முடித்த பிறகு 2022 ஆகஸ்டில் வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். எடுக்காத படத்துக்காக ஏங்குவது பழகிவிட்டது. எடுத்த படத்தையும் பார்க்க முடியாது என்றால் அதற்கு என்ன செய்ய?

* * *

எல்லோரும் ஆசையைச் சொல்கிறீர்கள். நான் எதிர்க்கட்சி.

2006இல் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' பார்த்தது நினைவிருக்கிறதா? 1978, 1980 படங்களின் தொடர்ச்சி மாதிரி எடுத்தார்கள். ஜான் வில்லியம்ஸின் அதே இசை, அதே மாதிரி பெயர்கள் பறந்து வரும் தொடக்கம். பிராண்டன் ரூத் சில கோணங்களில் பழைய சூப்பர்மேன் கிறிஸ்டோபர் ரீவ் போலவே இருந்தார். எனக்கு முதல் பத்து நிமிடம் புல்லரித்தது, அடுத்த பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. பழைய படத்துக்குக் கோவில் கட்டிக் கும்பிட்டார்களே தவிர, சொல்லப் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை.

அதனால் பயம். நாவல் எழுதட்டும், வரையட்டும், படிக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். ஆனால் மறுபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தக் காத்தமுக்குள் போக வேண்டாம். ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்த அந்த நகரத்தை இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டுடியோவில் மரமும் பிளாஸ்டருமாகக் கட்டி எழுப்பினார்கள். அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவரும் இன்று இல்லை. பேட்மேனின் பணியாளர் ஆல்ஃபிரெடாக நடித்த மைக்கேல் காஃப் இல்லை. யாரை வைத்து எதைத் தொடர்வது?

* * *

மேலே சொன்னவருக்கு ஒரு சின்ன பதில். சில நொடிகளிலும் தொடரலாம். 2019 டிசம்பரில் வந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொலைக்காட்சித் தொடரில், முதல் படத்து நிருபர் அலெக்சாண்டர் நாக்ஸாக ராபர்ட் வூல் திரும்ப வந்தார். உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார், வானம் சிவக்கிறது, நிமிர்ந்து பார்க்கிறார். அவ்வளவுதான். பேட்மேன் வரவே இல்லை. கண்ணில் படாமலே அவன் அந்த ஊரில் இருக்கிறான் என்று நம்பவைத்துவிட்டார்கள். நான் அதை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

* * *

என் சந்திப்பு கேட்வுமனோடு, அதாவது இரண்டாம் படத்தில் மிஷெல் ஃபைஃபர் நடித்த செலினா கைலோடு.

'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' கடைசி ஷாட் எல்லோருக்கும் தெரியும். பனி, கிறிஸ்துமஸ் இரவு, வானத்தில் பேட்மேனை அழைக்கும் வௌவால் விளக்கு. அதைப் பார்த்தபடி முதுகு காட்டி எழுந்து நிற்கும் ஒரு கறுப்புத் தலை. அவள் சாகவில்லை! என்னிடம் இருந்த வீடியோ கேசட்டில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, அங்கே படமே கோடு விழுந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்தத் தலை ஒரு வாக்குறுதி. அடுத்த படத்தில் வருவேன் என்று அவள் எனக்கே சொன்ன மாதிரி.

வரவில்லை. அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதிய டேனியல் வாட்டர்ஸ் அவளுக்காகத் தனிப் படத்துக்குத் திரைக்கதை எழுதினார், அது அப்படியே நின்றுபோனது. 2004இல் 'கேட்வுமன்' என்ற பெயரில் ஒரு படம் வந்தது, ஆனால் அதில் வருபவள் செலினா கைல் இல்லை, வேறு பெண். கார்ட்டூனில் கொஞ்சம் ஆறுதல். 1992இல் தொடங்கிய அனிமேஷன் தொடரில் செலினாவுக்குப் பொன்னிற முடி கொடுத்திருந்தார்கள், மிஷெல் ஃபைஃபர் மாதிரி. டிவியில் அதைப் பார்த்ததும் இவள்தான் அவள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பெரியவளாகி வேலைக்குப் போன பிறகுதான் அந்தப் படம் எனக்கு உண்மையில் புரிந்தது. செலினா ஒரு முதலாளியிடம் உதவியாளர். கூட்டத்தில் வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். தெரிந்துகொள்ளக் கூடாததைத் தெரிந்துகொண்டதற்காக முதலாளி அவளை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடுவான். பிழைத்து வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உடைப்பாள். சுவரில் 'ஹலோ தேர்' என்று எரியும் நியான் விளக்கில் இரண்டு எழுத்து போனதும் 'ஹெல் ஹியர்' ஆகிவிடும். நரகம் இங்கேதான். என் முதல் வேலையில் ஒரு மீட்டிங்கில் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அதையே பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் சொன்னபோது தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து எதையும் உடைக்கவில்லை. படத்தைப் போட்டு அந்தக் காட்சியைப் பார்த்தேன்.

காமிக்ஸில் அவள் வருகிறாள், சந்தோஷம். ஆனால் பேட்மேன் கதைக்கு நடுவில் வந்து போகிறாள். நான் கேட்பது அந்த இரவுக்கு மறுநாள் காலை. முதலாளி செத்துவிட்டான், உடை கிழிந்து தொங்குகிறது, கையில் காசில்லை, வேலை இல்லை, ஊருக்கு அவள் உயிரோடு இருப்பதே தெரியாது. எங்கே போனாள்? வில்லன்கூட வேண்டாம். பேட்மேன் ஒரே ஒரு தடவை, தூரத்தில் ஒரு கூரைமேல் தெரிந்தால் போதும்.

* * *

இதைப் படித்துவிட்டு என் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ரொம்பச் சில்லறை விஷயம்.

ஒரு ரசிகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். விதவிதமான பேட்மேன்கள், சுமார் பதினைந்து பேர். ஆளுக்கு ஒரு படத்து உடை, பாதிப் பேர் உடையில் எது எந்த வருடத்துப் படம் என்று எனக்கே குழப்பம். அப்போது ஒருவரை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அவர் தலை திரும்பவில்லை. தோள், மார்பு, முதுகில் தொங்கும் கேப் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக, கதவு திறப்பதுபோல் மெதுவாகத் திரும்பியது. அடடா, கீட்டன்!

தெரியாதவர்களுக்கு: 1989 உடையில் முகமூடியும் கழுத்தும் ஒரே ரப்பர். தலையை மட்டும் திருப்ப முடியாது. கீட்டன் அதைக் குறையாக விடாமல் முழு உடம்போடு திரும்பப் பழகினார், பார்ப்பவர்களுக்கு அது மிரட்டலாகத் தெரிந்தது. அந்த மனிதரிடம் போய்க் கேட்டேன், வேண்டுமென்றேதான் அப்படித் திரும்பினீர்களா என்று. "இல்லைங்க, நிஜமாவே திரும்பல. காலையிலிருந்து கழுத்து வலி" என்றார்.

புதுக் கதை யார் எழுதினாலும், வரைந்தாலும், எடுத்தாலும் என் கோரிக்கை ஒன்றுதான். கழுத்து திரும்பக் கூடாது.

* * *

தொடங்கிவைத்தவன் மறுபடியும். எதிர்க்கட்சிக்காரருக்கு: உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் செலினாவின் மறுநாள் காலையை யாராவது எழுதினால் நீங்களும் வாங்குவீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். கழுத்துக்காரருக்கு: நாவலில் அவன் எங்கேயாவது தலையைத் திருப்புகிறானா என்று கவனிக்கவே இல்லை. இன்று ராத்திரி முதல் பக்கத்திலிருந்து தேடப் போகிறேன்.