எலெக்ட்ரிக் கிட்டாரைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய இன்டர்ஃபேஸ் கட்டாயமா?

கோத்தகிரிப் பனி:
வணக்கம். என் தம்பி சர்ச் பாடல் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். கிறிஸ்துமஸுக்குள் நாலு பாட்டுக்கு அவன் பகுதியை வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும். இருப்பது ஒரு பழைய டெஸ்க்டாப், 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப். கிட்டார் கேபிளின் கால் அங்குல ஜாக்கில் ஒரு கன்வெர்ட்டர் போட்டு, கம்ப்யூட்டரின் மைக் துளையில் நேரே செருகினோம். சத்தம் வருகிறது, ஆனால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசித்த மாதிரி மங்கல். பின்னணியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வேறு. தந்தியைக் கையால் தொட்டால் அது குறைகிறது. கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

குன்னூர்க்காரன்:
வாங்கித்தான் ஆக வேண்டும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. அதிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சன்னமானது. அதை வாங்கிக்கொள்ளும் இடத்தின் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, 1 மெகா ஓம் அளவுக்கு இருந்தால்தான் உயர்ந்த சுரங்கள் உயிரோடு வரும். கம்ப்யூட்டர் மைக் துளையில் இருப்பது சில கிலோ ஓம். அது சின்ன கண்டென்சர் மைக்குக்காகச் செய்தது, அந்த மைக்குக்கு மின்சாரம் கொடுக்கத் துளையிலேயே சில வோல்ட் நிற்கும். நீங்கள் சொன்ன கம்பளி அங்கேதான் விழுகிறது. ஈக்வலைசரில் கூட்டினாலும் போனது திரும்பாது, இரைச்சல்தான் ஏறும். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அது இதற்கென்றே வைத்தது.

கூடலூர் மழை:
குன்னூர் அண்ணன் சொன்ன காரணம் சரி, முடிவு தவறு. இவர்கள் வீட்டில்தான் ஆம்ப் இருக்கிறதே! கிட்டார் எதிர்பார்க்கும் 1 மெகா ஓம் அந்த ஆம்பின் முகப்பிலேயே இருக்கிறது. கிட்டாரை ஆம்பில் போடுங்கள். ஆம்பின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருக்கும் வெளிர்நீல லைன்-இன் துளைக்கு ஒரு கேபிள் இழுங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு, நீலம்தான் உங்களுக்கு. ஹெட்போன் பக்கம் ஸ்டீரியோ ஜாக்தான் போட வேண்டும், மோனோ ஜாக் ஒரு பக்கத்தை ஷார்ட் செய்துவிடும். ஆம்ப் வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள், ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரை எக்காரணம் கொண்டும் கம்ப்யூட்டரில் செருகக் கூடாது. சவுண்ட் கார்டு அப்போதே போய்விடும்.

ஒரு கேபிள் விலையில் முடிகிற வேலைக்குச் சில ஆயிரம் ரூபாய் எதற்கு?

லவ்டேல் நண்பன்:
இரண்டும் வேண்டாம். ஆம்ப் ஸ்பீக்கர் முன்னால் நல்ல மைக் ஒன்று வையுங்கள். உலகமே எஸ்எம் 57 மைக்கை அப்படி வைத்துத்தான் பதிவு செய்கிறது.

கோத்தகிரிப் பனி:
லவ்டேல் சார், எங்களுடையது தகரக் கூரை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இந்தப் பக்கம் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் நின்று பேசுவதே கேட்காது, மைக்கில் மழைதான் பதிவாகும்.

குன்னூர்க்காரன்:
கூடலூர் தம்பிக்கு இரண்டு கேள்வி. ஒன்று, தாமதம். சாதாரண விண்டோஸ் டிரைவரில் வாசித்த சுரம் கம்ப்யூட்டர் வழியாகக் காதுக்குத் திரும்பப் பல பத்து மில்லி செகண்ட் ஆகலாம். தாமதத்தைக் குறைக்கவென்றே செய்த ஏசியோ டிரைவரோடு வரும் இன்டர்ஃபேஸில், ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பும் பஃபரை 256 சாம்பிளில் வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பஃபருக்கு 5.3 மில்லி செகண்ட். உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தாலும் வாசிக்க முடியும். இரண்டாவது, ஆம்ப் வழியாகப் போனால் அதன் டோன் பதிவோடு ஒட்டிப்போகும். இன்டர்ஃபேஸில் கிட்டாரைச் சுத்தமாக எடுத்து வைத்தால் டிஸ்டார்ஷனை அடுத்த மாதம்கூட மாற்றலாம். பாட்டு நடத்துகிறவர் கடைசி நேரத்தில் ‘இன்னும் மென்மையாக வேண்டும்’ என்றால் தம்பி மறுபடி உட்கார்ந்து வாசிக்க வேண்டாம்.

கூடலூர் மழை:
தாமதத்துக்கு வழி இருக்கிறது. ஆம்பின் ஹெட்போன் துளையில் இரண்டாகப் பிரியும் கேபிள் போட்டு, ஒன்றைக் காதுக்கும் ஒன்றைக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கலாம். காது ஆம்பையே கேட்பதால் அங்கே தாமதமே இல்லை. பதிவு பின்தங்கி விழுந்தால் ஆடாசிட்டி என்கிற பதிவு மென்பொருளில் டிராக்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டால் போதும், அதற்குத் தனி அமைப்பும் உண்டு. டோன் பற்றி: தன் டோனைத் தானே முடிவு செய்து வாசிக்கப் பழகுவது ஒரு பையனுக்கு நல்லதுதான். நான் அப்படித்தான் கற்றேன்.

அப்புறம் அந்த ‘ம்ம்ம்’. தந்தியைத் தொட்டதும் குறைகிறது என்றால் கிட்டாரின் கிரவுண்ட் வயர் தந்தி வரை ஒழுங்காக வருகிறது. உங்கள் உடம்பு பிடித்து வைத்திருக்கும் 50 ஹெர்ட்ஸ் அந்த வழியே இறங்குகிறது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மானிட்டரை விட்டு இரண்டடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். ஒற்றைக் கம்பிச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பார்த்தால் ஒரு கோணத்தில் அடங்கும்.

குன்னூர்க்காரன்:
இதில் உடன்படுகிறேன். அதோடு வீட்டு பிளக்கில் எர்த் நிஜமாகவே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தந்தியைத் தொடும் பையனுக்கு அது இரைச்சலைவிடப் பெரிய விஷயம்.

கோத்தகிரிப் பனி:
நேற்று இரவு ஆம்ப் வழியாக நீலத் துளையில் போட்டுப் பார்த்தோம். கம்பளி விலகிவிட்டது! மேல் தந்திகள் மணி மணியாகக் கேட்கின்றன. அறையின் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்ததும் இரைச்சலும் பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவதில் டிஸ்டார்ஷன் வருகிறது, அதுதான் டப்பாவுக்குள் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இருக்கிறது.

குன்னூர்க்காரன்:
ஸ்பீக்கர் இல்லாமல் டிஸ்டார்ஷனை எடுத்தால் அப்படித்தான் வரும். ஸ்பீக்கர் காகிதக் கூம்பு சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கரகரப்பை வடிகட்டிவிடும். சில ஆம்புகளின் ஹெட்போன் துளையில் அந்த வடிகட்டல் கிடையாது. அந்த டிராக்கில், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் இம்பல்ஸ் கோப்பு ஒன்று ஏற்றுங்கள், இலவசமாகவே நிறைய கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வந்தால் என் இன்டர்ஃபேஸை ஒரு வாரத்துக்கு எடுத்துப் போங்கள்.

கூடலூர் மழை:
எடுத்துப் போங்கள். மூன்றாவது பாட்டை இரண்டு வழியிலும் வாசிக்க வைத்து, எது எது என்று சொல்லாமல் இங்கே போடுங்கள். அண்ணனும் நானும் காதால் கேட்டுச் சொல்கிறோம்.