கொரோனா ஊரடங்குக்குப் பிறகு பல் கிளினிக்கை ஓட வைத்த அனுபவம்: நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் எழுதுங்க

உச்சிப்புளியிலிருந்து:

நான் பல் டாக்டர் இல்லை. வீட்டம்மா டாக்டர். கணக்கு, சாமான், ஆள், பேங்க் இதெல்லாம் என் பொறுப்பு. இரண்டு நாற்காலி போட்ட சின்ன கிளினிக். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் பூட்டினோம். மே மாதம் மத்திய சுகாதாரத் துறை பல் மருத்துவத்துக்கென்று தனியாக வழிகாட்டுதல் விட்டது. நோய்க்கட்டுப்பாட்டுப் பகுதியில் திறக்கவே கூடாது, சிவப்பு மண்டலத்தில் அவசரம் மட்டும், மற்ற இடங்களில் அவசரமும் தள்ளிப்போட முடியாததும். பல் சுத்தம் செய்வது மாதிரி அன்றாட வருமானம் தரும் வேலையெல்லாம் அப்புறம்தான்.

அதற்கு முன்னால், திறந்து பார்த்தபோது கடல் காற்று செய்து வைத்திருந்த வேலையைப் பற்றிச் சொல்லணும். கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசுகிற மாதம். பல்லைக் குடையும் ஏரோட்டரின் தலைக்குள் துரு ஏறி, பேரிங் சுற்றாமல் இறுகிப்போயிருந்தது. கம்ப்ரெஸ்ஸர் டேங்க்கின் அடித் திருகைக் கழற்றினால் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் கொட்டுகிறது. இன்வெர்ட்டர் பாட்டரி காலி. நாற்காலிக்குள் போகிற மெல்லிய தண்ணீர்க் குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே விரலில் ஒட்டும் வழவழப்பு. அது கிருமிப் படலம், வெறும் தண்ணீர் ஓடவிட்டால் போகாது. கிருமிநாசினி நிரப்பி ஊறவைத்துக் கழுவினோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் அன்றிலிருந்து நாற்காலியின் தண்ணீர் பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் சூடாகிறது என்பதற்காக நம்பிவிட முடியாது. கிருமி உண்மையிலேயே சாகிறதா என்று காட்டும் ஸ்போர் ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்த பிறகே கருவிகளை அதில் போட்டோம்.

பேங்க் கதை சுருக்கமாக. 2020 ஆகஸ்ட் 31 வரை தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அரசு உத்தரவாதம் கொடுத்த அவசரக் கடன் திட்டத்தை ஆகஸ்டில், தொழிலுக்காகக் கடன் வாங்கியிருந்த டாக்டர்களுக்கும் விரித்தார்கள். பாக்கிக் கடனில் 20 சதவீதம், கூடுதல் அடமானம் கிடையாது. மூச்சு விட அது உதவியது.

நோட்டீஸ் அடி, இலவச முகாம் போடு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வீட்டம்மா கேட்கவில்லை. பழைய அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுத்து, வேலை பாதியில் நின்றவர்களை மட்டும் எழுதச் சொன்னார். வேர் சிகிச்சை ஆரம்பித்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பியவர்கள், கம்பி போட்ட பிள்ளைகள், அளவு கொடுத்துவிட்டுப் பல் செட் வாங்காத பெரியவர்கள். முதல் போன் இவர்களுக்குத்தான். பழைய கட்டணமே, பாதுகாப்பு உடைக்கென்று தனிக் காசு இல்லை. புதிதாக வருபவர்களுக்கு மட்டும் அது இருந்தது, வாசல் போர்டிலேயே எழுதிவைத்தோம். பில்லின் கடைசி வரியில் பார்த்தால்தான் ஆளுக்குக் கோபம் வருகிறது.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு படகுக்காரப் பெரியவர் வந்தார். அடைப்பு எப்போதோ விழுந்து, கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை வைத்தே ஓட்டியிருக்கிறார். பல்லின் ஒரு பக்கச் சுவர் பிளந்து கிடந்தது. "ஏன் ஐயா போன் பண்ணலை?" என்று கேட்டேன். "பாதிக் காசு குடுத்துட்டேன் தம்பி. இப்ப போய்க் கேட்டா, காசைக் கேக்க வந்த மாதிரி ஆயிரும்ல" என்றார். அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்தோம். ஆனால் அடுத்த வாரம் அவர் படகு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்களைப் பார்த்து அவர்களுக்கு நேரம் கொடுத்தோம். ஏரோட்டர் ஓட்டினால் ஜன்னலைத் திறந்துவிட்டு, இடைவெளி விட்டுத்தான் அடுத்த ஆள். அதனால் கூட்டம் சேராமல் இருந்ததும் வசதியாகப் போயிற்று.

கீழக்கரையிலிருந்து:

எங்க பக்கம் வேற மாதிரி காக்கா (அண்ணே). லீவுக்கு வந்த சபுராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள்) விமானம் இல்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள், கிளினிக் பக்கம் யாரும் வரவில்லை. டிக்கெட் கிடைத்ததும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் எல்லாப் பல்லும் முடியணும்! பல்லுக்கு மேல் மாட்டும் கேப் செய்யும் லேப் மதுரையில். போக்குவரத்து சரியாகாத நேரம். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி, வலி இருக்கிற பல்லை மட்டும் முடித்து அனுப்பினேன். மனத்தாங்கல் பட்டவர்கள் உண்டு. ஆனால் அடுத்த லீவில் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

தொண்டியிலிருந்து:

நான் டாக்டருக்கு உதவியாளர். இரண்டாம் அலை, 2021 மே. கொரோனா வந்து குணமான ஒரு அக்கா, சர்க்கரை உண்டு. மேல் பல் நாலைந்து ஒரே நேரத்தில் ஆடுது, பிடுங்கிடுங்க என்று வந்தார். அண்ணத்தைப் பார்த்த டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டார். கருப்புப் பூஞ்சை என்று சந்தேகப்பட்டு அன்றே மதுரைக்கு அனுப்பினார். அந்த மாதம்தான் தமிழக அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருந்தது. அதற்கப்புறம் யார் வந்தாலும் அந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிற சர்க்கரை, ஸ்டீராய்டு இரண்டையும் கேட்டு எழுதிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வைப்பேன்.

தேவிபட்டினத்திலிருந்து:

உச்சிப்புளி அண்ணே, ஆளுக்குச் சம்பளம் எப்படிக் கொடுத்தீங்க? நான் இப்பத்தான் கிளினிக் போட்டிருக்கேன், அதான் கேக்குறேன்.

உச்சிப்புளியிலிருந்து:

தம்பி, பூட்டியிருந்தப்ப பாதி, திறந்த பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா. சும்மா கொடுத்ததாக நினைக்காதீங்க. பஸ் ஓடாததால், எங்கள் கிளினிக்கில் வேலை பார்க்கிற மண்டபம் ஊர்ப் பொண்ணு வர முடியவில்லை. நோட்டை போட்டோ எடுத்து அனுப்பி, வீட்டிலிருந்தே அந்த போன்களைப் பண்ணச் சொன்னோம். நான் கூப்பிட்டால் கடன்காரன் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். அந்தப் பொண்ணு குரல் கேட்டால் குடும்பக் கதையே சொல்லிவிட்டு, எப்ப வரட்டும் என்று கேட்கிறார்கள்.