தென்னாப்பிரிக்கா மிட்ராண்ட்ல ஷேரிங் வீடு: ஒருத்தர் வச்சதுதான் சட்டம், என்ன செய்ய?

நெல்லைத்தம்பி:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். மூணு பேர் இருக்கிற வீட்டுல ஒரு ரூம் எனக்கு. மூத்தவர் ஒருத்தர்தான் எல்லாம் முடிவு பண்றார். எட்டு மணிக்கு மேல அடுப்பு பத்த வைக்கக் கூடாது, மீன் கூடாது, கீஸர் காலையில ஒரு மணி நேரம்தான். கடைசியாக் குளிக்கிற எனக்குப் பச்சைத் தண்ணி. கரண்டுக்குன்னு காசு வாங்குறார், ரசீது கேட்டா கோபம் வருது. நேத்து "மாசக் கடைசியில பெட்டியைக் கட்டு"ன்னுட்டார். உடனே என்ன பண்ணணும்?

கொங்குவீட்டார்:
கீஸர் விஷயம் சொல்றேன். 150 லிட்டர் தொட்டி, 3 கிலோவாட் காயில்னா ஒரு மணி நேரத்துல 17 டிகிரிதான் ஏறும். ஜூலைக் குளிர்ல குழாய்த் தண்ணி 12 டிகிரியில வந்தா 30ஐக் கூடத் தொடாது. 60 டிகிரிக்கு வர கிட்டத்தட்ட மூணு மணி நேரம் வேணும். டிபி போர்டுல (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) டைமர் போட்டு விடியக்காலை மூணு மணிக்கே ஓட விட்டா மூணு பேருக்கும் போதும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் மாட்டணும், வீட்டு ஓனர்கிட்ட முதல்ல கேட்டுக்கோங்க.

காவிரிக்கரை:
தம்பி, முதல் மூணு மாசம் யாருக்கும் இப்படித்தான். சண்டை வேண்டாம். இந்த வாரமே வேற ரூம் பார்த்துப் போயிடுங்க.

டர்பன்அக்கா:
அப்படிப் போகச் சொல்லாதீங்க. டெபாசிட் கையில வராம சாவியைக் கொடுத்தா அப்புறம் அலையணும். தம்பி, அக்ரிமென்ட் யார் பேர்ல? டெபாசிட் யார்கிட்ட? ரெண்டும் தெரியாம யாரும் சரியா பதில் சொல்ல முடியாது.

நெல்லைத்தம்பி:
அக்ரிமென்ட் அவர் பேர்ல. எனக்கு எழுத்துல ஒண்ணும் இல்ல. டெபாசிட் அவர்கிட்டதான், ரொக்கமா.

காவிரிக்கரை:
எழுத்துல இல்லேன்னா உரிமையும் இல்ல.

கொங்குவீட்டார்:
ஏஜென்ட் எல்லாம் மூணு மாச சம்பளச் சீட்டு, மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கேக்கிறான். வந்து இறங்கினவன்கிட்ட அது எப்படி இருக்கும்? அதனாலதான் புதுசா வர்றவங்க எல்லாம் இந்த மாதிரி ஆள்கிட்டப் போய் மாட்டுறாங்க. வீட்டுக்குள்ள ஹீட்டிங்கும் கிடையாது, ஜன்னல் வழியா குளிர் அப்படியே உள்ள வருது.

மதுரைமீனு:
அது பெரிய அநியாயம்தான். ஆனா இந்தத் தம்பிக்கு மாசக் கடைசிதான் கெடு, அதைப் பார்ப்போம்.

எழுத்துல இல்லாட்டியும் வாய்ப்பேச்சு வாடகை செல்லும். 1999 வாடகை வீட்டுச் சட்டப்படி, நீங்க கேட்டா எழுத்துல போட்டுத் தரணும், கட்டுற பணத்துக்கு ரசீதும் தரணும். உள்வாடகைக்கு விட உரிமை உள்ளவரும் அந்தச் சட்டத்துல வீட்டுக்காரர்தான். அதனால ஓனர் சம்மதிச்சிருக்காரான்னு முதல்ல விசாரிங்க. சம்மதம் இல்லேன்னா அந்த மூத்தவர் நிலையே ஆட்டம், உங்க ரூமும் அதோட போகலாம். ஓனர்கிட்ட நேரா பேசுறதுக்கு முன்னாடி இதை யோசிச்சுக்கோங்க.

இன்னைக்கே வாட்ஸ்அப்ல அந்த மூத்தவருக்கு எழுதுங்க: எந்தத் தேதியில எவ்வளவு டெபாசிட் கொடுத்தீங்க, மாச வாடகை எவ்வளவு, எப்போலேர்ந்து இருக்கீங்க. அவர் மறுக்காம ஒரு வரி பதில் போட்டாலே அது ஆதாரம். இனிமே ரொக்கம் வேண்டாம், பேங்க் வழியா மட்டும்.

மாசாமாசம் ஓடுற வாடகையை நிறுத்த ஒரு மாச நோட்டீஸ் எழுத்துல வேணும். வாயால சொன்னது போதாது. கோர்ட் உத்தரவு இல்லாம யாரையும் வெளியேத்தக் கூடாதுன்னு அரசியல் சாசனம் 26ஆவது பிரிவே சொல்லுது. பூட்டை மாத்தினாலோ மிரட்டினாலோ மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போங்க. 2011 தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அங்கே பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம்.

கரண்டுக்கு மீட்டர் நம்பரைக் குறிச்சுக்கோங்க. அது இருந்தா யார் வேணும்னாலும் பேங்க் ஆப்லயே ப்ரீபெய்ட் கரண்ட் வாங்கலாம், மீட்டர்ல அடிக்கிற 20 இலக்க டோக்கன் நம்பர் வரும். மூணு பேரும் முறை வச்சு வாங்கி டோக்கனைக் குரூப்ல போட்டா ரசீதுப் பிரச்சினையே இல்ல.

காலி பண்றதா இருந்தா, கடைசி மூணு நாளுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து ரூமைப் பார்க்கணும். போட்டோ எடுங்க. பாக்கி ஏதும் இல்லேன்னா 7 நாள்ல டெபாசிட் வட்டியோட வரணும். ரிப்பேர்னு கழிச்சா, ரூமைத் திருப்பிக் கொடுத்த 14 நாள்ல மீதியைத் தரணும், செலவுக்கு ரசீதும் காட்டணும். தரலேன்னா நம்ம கௌடெங் மாகாணத்து ரென்டல் ஹவுசிங் ட்ரிப்யூனல்ல (வாடகை வீட்டுத் தீர்ப்பாயம்) புகார் கொடுங்க, கட்டணம் கிடையாது.

நெல்லைத்தம்பி:
மெசேஜ் இப்போ எழுதிக்கிட்டு இருக்கேன் அக்கா. ரூம் போட்டோவும் எடுத்துடுறேன்.

மதுரைமீனு:
கேட் ரிமோட்டை மட்டும் யார் கேட்டாலும் இப்போ கொடுத்துடாதீங்க தம்பி.