ஏ, பி, சி செக்‌ஷன் பிரித்தது குலுக்கலிலா? எப்படிச் சோதிப்பது?

குடமுருட்டி: தஞ்சை, திருவாரூர் உயர்நிலைப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புப் பட்டியல் இருக்கிறது: எட்டாம் வகுப்பு மதிப்பெண், செக்‌ஷன், வகுப்பாசிரியரின் அனுபவ ஆண்டு. குலுக்கிப் பிரித்தார்களா, பொறுக்கிப் போட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெண்ணாறு: முதலில் தமிழ்வழியையும் ஆங்கிலவழியையும் தனியாகப் பிரியுங்கள். வழியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர். கலந்து சோதித்தால் குலுக்கிய பள்ளியும் பொறுக்கியதாகத் தெரியும். ஒரே வழியில் இரண்டு செக்‌ஷன் இல்லாத பள்ளியை விட்டுவிடுங்கள். பிறகு பள்ளிக்குள்ளேயே செக்‌ஷன் பெயரை 1000 முறை கலைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் செக்‌ஷன் சராசரிகளுக்கு இடையிலான விலகலைக் கணக்கிடுங்கள். நிஜ விலகலை 30 முறைதான் எட்டியது என்றால் பி மதிப்பு (குலுக்கிப் பிரித்தாலே இவ்வளவு விலகல் வரும் வாய்ப்பு) சுமார் 0.03.

அரசலாறு: அதோடு நிற்காதீர்கள் சார். 40 பள்ளி மிஞ்சினால், பி மதிப்பு 0.05-க்குக் கீழே போனால் சந்தேகம் என்ற 5 சதவீத அளவுகோலில் இரண்டு பள்ளி தற்செயலாகவே மாட்டும். எல்லா பி மதிப்புகளும் 0 முதல் 1 வரை சமமாகப் பரவியிருக்கிறதா பாருங்கள். 0 பக்கம் குவிந்தால் மதிப்பெண் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். 1 பக்கம் குவிந்தால், முதல் ரேங்க் ஏ-வுக்கு, அடுத்தது பி-க்கு என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கலாம். பிள்ளைகளுக்கு அது நல்லதுதான், ஆனால் குலுக்கல் அல்ல.

குடமுருட்டி: பிள்ளையின் மதிப்பெண்ணைச் சக மாணவர் சராசரியோடு ரிக்ரஷன் (ஒன்று கூடினால் மற்றது கூடுகிறதா, குறைகிறதா என்ற கணக்கு) போட்டால் மைனஸ் வருகிறதே?

வெண்ணாறு: குலுக்கலிலும் அப்படித்தான் வரும். தன்னை விட்டுச் சராசரி எடுப்பதால், கெட்டிக்காரப் பிள்ளையின் சகாக்கள் சராசரியில் சற்றே தாழ்வார்கள். அந்தப் பிள்ளையை நீக்கிய பள்ளிச் சராசரியையும் மாறியாகச் சேருங்கள். பொருளாதார ஆய்வாளர்கள் குர்யன், க்ராஃப்ட், நோட்டோவிடிக்டோ 2009-இல் தந்த திருத்தம் இது. பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை வேறுபட்டால்தான் பலிக்கும்.

ஆசிரியரையும் குலுக்கித்தான் போட்டார்களா என்று சோதிக்கச் செக்‌ஷன்தான் அலகு: அனுபவ ஆண்டை, செக்‌ஷனின் பழைய மதிப்பெண் சராசரியோடு, பள்ளிக்குள்ளேயே ஒப்பிடுங்கள். ஜூன் மாதப் பட்டியலையே எடுங்கள். பிறகு செக்‌ஷன் மாறியவர்கள் கணக்கைக் கெடுத்துவிடுவார்கள்.