லேப்ரடாருக்குத் தயிர்சாதம் மட்டும் போதுமா?

சரவணம்பட்டி_லேப்:
வீட்டில் இரண்டு வயது லேப் இருக்கிறாள், கருத்தடை ஆகிவிட்டது, 27 கிலோ. நாங்கள் சைவம். அவளுக்காக முட்டை மட்டும் தனிப் பாத்திரத்தில் வேகவைக்க அம்மா ஒத்துக்கொண்டார், கறி வீட்டுக்குள் வரக்கூடாது. காலையில் தயிர்சாதம், ராத்திரியும் தயிர்சாதம், நடுவில் மேரி பிஸ்கட். கொஞ்ச நாளாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. டாக்டர் பாக்கெட் உணவுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். நல்ல பிராண்டாகப் பார்த்தால் மாசம் நாலாயிரத்துக்கு மேல் போகும்போல. உண்மையிலேயே அவசியமா, இல்லை டாக்டர் கிளினிக்கில் மூட்டை அடுக்கி வைத்திருப்பதால் சொல்கிறாரா?

கன்னிநாய்க்காரன்:
கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை வேட்டை நாய்கள் எல்லாம் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் மோரும் குடித்து வளர்ந்தவை, பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை ஓடியவை. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்று ஒருத்தர் நாய் பிஸ்கட் விற்க ஆரம்பிக்கும் வரைக்கும் உலகத்தில் நாயே இல்லையா என்ன? 2007இல் அமெரிக்காவில் பாக்கெட் உணவில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்து நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்ததே, அதை எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். வீட்டுச் சாப்பாட்டில் என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும். பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

நாமக்கல்_வெட்_மாணவி:
அண்ணே, உங்கள் ஊர் சிப்பிப்பாறை கூழ் மட்டும் குடித்து ஓடவில்லை. வேட்டையில் முயல், வயலில் எலி, அறுத்த இடத்தில் குடலும் எலும்பும் என்று அது தானே தேடித் தின்ற கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். சரவணம்பட்டி அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் இருக்கும் லேபுக்கு எலி எங்கே கிடைக்கும்? தட்டில் நாம் வைப்பதுதான் அதற்கு மொத்த உலகமும்.

அதற்காக சோறே ஆகாது என்று சொல்கிறவர்கள் கட்சியும் நான் இல்லை. 2013இல் வந்த மரபணு ஆய்விலேயே தெரிந்துவிட்டது, மாவுச்சத்தைச் செரிக்கும் ஜீன் ஓநாய்க்கு இரண்டு பிரதி என்றால் நாய்க்கு நாலிலிருந்து முப்பது வரை இருக்கிறது. மனிதனோடு சேர்ந்து சோறு தின்று பழகிய ஜீவன்தான் அது. பிரச்சினை சோறு இருப்பதில் இல்லை, சோற்றோடு வேறெதுவும் இல்லாததில்.

கன்னிநாய்க்காரன்:
தயிர் இருக்கிறதே. தயிரில் புரதம், கால்சியம் எல்லாம் இருக்கிறது. இன்னும் என்ன?

நாமக்கல்_வெட்_மாணவி:
சரி, கணக்கே போடுவோம். 27 கிலோ, கருத்தடை ஆன, பெரிதாக ஓடாத லேபுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,200 கலோரி. வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்கு 45 கிராம் புரதமாவது வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனத் தர அளவு, அப்படியானால் இவளுக்கு 54 கிராம். சோறும் தயிரும் சம எடையில் பிசைந்தால் 1,200 கலோரியில் 37 கிராம்தான் வரும், அதுவும் கெட்டித் தயிர் என்றால். நம் வீடுகளில் சோறு முக்கால், தயிர் கால், மீதி தண்ணீர். கால்சியம் 1.5 கிராம் வேண்டும், சம எடையில் பிசைந்தாலும் அவ்வளவு கிடைக்காது. துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி எதுவும் போதாது. முடிக்கும் தோலுக்கும் வேண்டிய கொழுப்பு அமிலம் தயிர்சாதத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஆனால் முடி கொட்டுவதற்கு உடனே சாப்பாட்டையே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். உண்ணி, பூஞ்சை, தைராய்டு மூன்றையும் டாக்டர் பார்த்தாரா? லேபுக்குத் தைராய்டு குறைவது சாதாரணமாக வருகிற விஷயம்.

ரா_ஃபீடர்:
இரண்டு பேரும் பாதி வழியில் நிற்கிறீர்கள். நாய்க்குப் பல்லைப் பாருங்கள், அது சோறு பிசைந்து தின்கிற பல்லா? கோழிக் கழுத்து, கால், ஈரல், கொஞ்சம் சுவரொட்டி (மண்ணீரல்), எல்லாம் பச்சையாக. தானியமே வேண்டாம். என் ஜெர்மன் ஷெப்பர்ட் முடி பளபள என்று இருக்கிறது. கறிக்கடையில் நாய்க்கு என்று சொன்னால் தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், பாக்கெட்டில் பாதி விலைகூட ஆகாது.

நாமக்கல்_வெட்_மாணவி:
கேட்டவர் வீட்டில் கறியே நுழையக்கூடாது என்கிறார், நீங்கள் சுவரொட்டி வாங்கச் சொல்கிறீர்கள். 🙂 போகட்டும். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், நாய் தாங்கினாலும் அது நக்கிய கையோடு தவழும் குழந்தை தாங்காது. மதிய வெயிலில் கடைப் பலகையில் கிடந்த கழுத்தை இன்னும் மோசமாக எண்ணிக்கொள்ளுங்கள். சமைத்த எலும்பு அதைவிட ஆபத்து, ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும். தானியம் வேண்டாம் என்ற பேச்சுக்கும் ஒரு வரி: 2018இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தானியமில்லாத பாக்கெட் உணவுக்கும் இதயத் தசை விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரணையே தொடங்கியது. அது முடிவாக நிரூபிக்கப்படவில்லை, ஆனால் தானியம் விஷம் என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.

ரா_ஃபீடர்:
என் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

நாமக்கல்_வெட்_மாணவி:
ஹெல்மெட் போடாமல் போகிற எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள்.

முன்னாள்_பெட்ஷாப்:
பத்து வருஷம் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். பாக்கெட் வாங்குவதாக முடிவு செய்தால் தயவுசெய்து லூஸில் வாங்காதீர்கள். பெரிய மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பாலித்தீன் கவரில் கட்டி, ஸ்டேப்ளர் அடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். எப்போது பிரித்தது, எந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும் என்று அதில் ஒன்றும் இருக்காது. காற்றுப் பட்டு, நம் ஊர் வெயிலும் பட்டால் மேலே தெளித்திருக்கும் கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும். மோந்து பாருங்கள், பழைய எண்ணெய்ச் சட்டி வாடை அடித்தால் அதுதான். வீட்டிலும் மூட்டையோடே டப்பாவுக்குள் வைத்து வாயை இறுக்கிக் கட்டுங்கள்.

அப்புறம் மூட்டையின் முன்பக்கத்துக் கோழிப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் பாருங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் எழுதியிருக்கும். முதல் மூன்றுமே சோளம், கோதுமைத் தவிடு, அரிசிக் குருணை என்று இருந்தால் அதற்கு எதற்கு அந்த விலை? குட்டிக்கா பெரிய நாய்க்கா என்றும் பார்க்க வேண்டும். வேகமாக வளரட்டும் என்று லேப் குட்டிக்குக் கண்டபடி கால்சியம் சிரப் ஊற்றிக் காலை வளைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கன்னிநாய்க்காரன்:
பார்த்தீர்களா, கடைக்காரரே சொல்கிறார். மூட்டைக்குள்ளும் தவிடுதான். அதற்கு நம் வீட்டுச் சோறு எவ்வளவோ மேல்.

நாமக்கல்_வெட்_மாணவி:
எல்லா மூட்டையும் தவிடு என்று அவர் சொல்லவில்லையே. வீட்டுச் சோறு மேலாக இருக்கலாம், பார்த்துச் செய்தால். 2013இல் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. சிலவற்றை எழுதியதே கால்நடை மருத்துவர்கள்.

சரவணம்பட்டி மேடம், அல்லது சார், பாக்கெட் வேண்டாம் என்றால் இதையாவது செய்யுங்கள். தினம் நாலு முட்டை வேகவைத்துப் போடுங்கள், அந்தக் கலோரிக்குச் சோற்றைக் குறையுங்கள், புரதம் ஏறத்தாழ சரியாகிவிடும். முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மிக்ஸியில் மாவாக அரைத்துத் தினம் அரை ஓடு அளவு கலந்தால் கால்சியம் தீர்ந்தது. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். மீதி தாது, வைட்டமின்களுக்கு டாக்டரிடமே நாய்களுக்கான பவுடர் எழுதி வாங்குங்கள், அது பாக்கெட் உணவைவிடச் செலவு குறைவு. பூசணி, கேரட், பீன்ஸ் வேகவைத்துப் போடலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் சாப்பிடும் தயிர்சாதத்தைப் போடாதீர்கள். கல்யாண வீட்டுத் தயிர்சாதத்தில் திராட்சை இருக்கும், பாயசத்தில் உலர் திராட்சை, சாம்பாரில் சின்ன வெங்காயம். திராட்சை சிறுநீரகத்தையும் வெங்காயம் ரத்தச் சிவப்பணுவையும் கெடுக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு இன்னும் வேகமாக ஆளை அடிக்கும்.

சரவணம்பட்டி_லேப்:
மேடம்தான். 😊 நேற்று மாமியார் வீட்டிலிருந்து வந்த பாயசத்தை அம்மா அவளுக்கும் ஒரு கரண்டி ஊற்றப் போனார், எப்படியோ தடுத்துவிட்டேன். உண்ணி, பூஞ்சை டாக்டர் பார்த்துவிட்டார், தைராய்டுக்கு ரத்தம் எடுக்க வரும் சனிக்கிழமை போகிறோம். ஒரே சந்தேகம், சோற்றைக் குறைத்தால் தட்டை நக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். பசிக்கிறது போல.

முன்னாள்_பெட்ஷாப்:
லேபுக்கு எப்போதுமே பசிக்கிறது போலத்தான் இருக்கும் அம்மா.

நாமக்கல்_வெட்_மாணவி:
அது நடிப்புகூட இல்லை. கிட்டத்தட்ட நாலில் ஒரு லேபுக்கு பி.ஓ.எம்.சி. என்ற ஜீனில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது, சாப்பாட்டு ஆசையும் எடையும் கூடுவதோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்று 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பார்வைக்கு இரங்கினால் 27 கிலோ 35 ஆகும். 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், உடன்பிறப்பைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை சுமார் 1.8 வருஷம் கூடுதலாக இருந்தன. அது ஒரு நாய் உணவு கம்பெனி செய்த ஆய்வுதான், கன்னிநாய்க்கார அண்ணன் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் குறைவாகப் போடு என்று தன் சரக்குக்கு எதிராகவே ஒரு கம்பெனி சொன்னால் நம்பலாம் இல்லையா? விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், அழுத்தாமலே கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

கன்னிநாய்க்காரன்:
கேட்கத்தான் இருந்தேன். விலா எலும்பு விஷயம் சரி, எங்கள் கன்னிக்கு எட்ட நின்று பார்த்தாலே தெரியும். முட்டை ஓடும் நல்லெண்ணெயும் சரி, அது எங்கள் ஆட்கள் கோழிக்கும் மாட்டுக்கும் செய்வதுதான். பவுடர் எழுதித் தரச் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சரவணம்பட்டி_லேப்:
மேரி பிஸ்கட்டை அம்மா விட மாட்டார். எத்தனை கொடுக்கலாம்?

நாமக்கல்_வெட்_மாணவி:
நொறுக்குத் தீனி எல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், அதாவது 120. ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25. நாலோடு நிறுத்துங்கள், அம்மா ஒளித்துக் கொடுப்பதையும் சேர்த்து.