கோத்தோங் ரோயோங்குக்கு முன்னால் எதைப் பறிப்பது, எதை விடுவது?

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் ஒரு கெபுன், அதாவது பொதுத் தோட்டம், இருக்கிறது. பத்துக் குடும்பத்துக்குப் பத்துப் பாத்தி. என்னுடையது வேலியோரப் பாத்தி. நானும் பக்கத்துப் பாத்தி மாக்சிக்கும் (மலாய்க்கார அம்மா) மாறி மாறித் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் சைவம்தான். இந்த வருடம் அந்த ஒரு மாதத்தில் பாசாருக்குப் போய்க் காய் வாங்கியது நாலைந்து தடவை இருக்கும். மற்றதெல்லாம் இந்தப் பாத்தி கொடுத்தது. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து செய்கிற துப்புரவு. மழைக்காலம் வந்துவிட்டது, மூன்று மணி ஆனால் இடியோடு கொட்டுகிறது, செடி மண்டிக் கிடந்தால் ஏடிஸ் கொசு வரும் என்று குடியிருப்புக் குழு சொல்கிறது. போன வருடம் எங்கள் புளோக்கில் இரண்டு பேர் டிங்கிக் காய்ச்சலில் படுத்தார்கள், அதனால் அவர்கள் பயப்படுவது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பாத்தியையும் வேரோடு பிடுங்கி லோரியில் ஏற்றப் போகிறார்களாம். சனிக்கிழமைக்குள் வேண்டியதைப் பறித்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது என் பாத்தியில் இருப்பது: எட்டு வெண்டை, ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டது, காய் உச்சியில் மட்டும்தான். பயத்தங்காய்க் கொடி கீழே பழுத்துவிட்டது, மேலே இன்னும் பூ இருக்கிறது. நாலு கத்தரிச் செடி, மார்ச்சில் வைத்தது. வேலியில் பாகற்கொடி. ஜூனில் நட்ட சர்க்கரைவள்ளி ஒரு ஓரம் முழுக்கப் படர்ந்திருக்கிறது. மூலையில் மரவள்ளி மூன்று தண்டு. பூசணி ஒன்றே ஒன்று, ஆனால் நல்ல பெரியது.

என் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கிறாள். அவளுக்கும் இப்படி ஒரு பொதுத் தோட்டத்தில் துண்டு நிலம். அக்டோபரில் உறைபனி விழப் போகிறது என்றால் ஒரே நாளில் பச்சைத் தக்காளியெல்லாம் பறித்து, பேப்பரில் சுற்றி, வாழைப்பழத்தோடு பெட்டியில் வைத்துப் பழுக்க வைக்கிறாள். கேல் கீரையை மட்டும் விட்டுவிடுகிறாள், பனி பட்டால்தான் அது இனிக்குமாம். அங்கே பனி வந்து 'போதும்' என்று சொல்லிவிடுகிறது. இங்கே செடி காய்த்துக்கொண்டே இருக்கும்போது எது முடிந்தது, எது முடியவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விதைக்கு எதை விடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங் மாடித்தோட்டம்:

அக்கா, வெண்டையை நுனியில் ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் சமையலுக்கு, வளைந்தால் நார். பூ விழுந்து அஞ்சு நாளைக்கு மேல் போனாலே நார் கட்டிவிடும். உயரமாகப் போன வெண்டைச் செடியை எடுத்துவிடலாம், அதற்கு வயசாகிவிட்டது. முற்றின காய் இருந்தால் நாலைந்தை விதைக்கு எடுங்கள். ஆனால் செடியிலேயே காயட்டும் என்று விடாதீர்கள், இந்த மழைக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். காய் பழுப்பாகத் தொடங்கியதும் வெட்டி வீட்டுக்குள் கட்டித் தொங்கவிடுங்கள், குலுக்கினால் விதை சத்தம் கேட்கிற வரைக்கும்.

பழைய லயத்துக்காரன்:

தங்கச்சி, நான் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஆளுக்கொரு துண்டு காய்கறிக் கொல்லை இருக்கும். பால்வெட்டு முடிந்து வந்ததும் அம்மா முதலில் போவது அங்கேதான். ஐப்பசி மழைக்கு முன்னால் அம்மா செய்ததைத்தான் இன்றைக்கும் செராஸில் என் பாத்தியில் செய்கிறேன். கேளுங்கள்.

முதலில் சர்க்கரைவள்ளி. ஜூனில் வைத்தது என்றால் நாலு மாதம் ஆகிவிட்டது, எடுக்கிற நேரம்தான். அடியில் இலை மஞ்சளாகி, தண்டுக்குப் பக்கத்தில் மண் வெடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீர்கள். நாலு நாள் விடாமல் மழை பெய்தால் கிழங்கு தண்ணீர் குடித்து வெடிக்கும், அப்புறம் அழுகும். நாளைக்குக் காலையில் மண் ஈரம் கொஞ்சம் வற்றியதும் இறங்குங்கள். கொடியை ஒரு சாண் விட்டு அறுத்துச் சுருட்டி ஓரம் வையுங்கள். மண்வெட்டியைத் தண்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு மண்ணை நெம்புங்கள், வெட்டாதீர்கள். மற்றதைக் கையால் தோண்ட வேண்டும். கிழங்குத் தோல் அப்போது குழந்தைத் தோல் மாதிரி, நகம் பட்டாலே உரியும். உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பால் கசியும். அந்தக் கிழங்கைத் தனியாக வைத்து அன்றைக்கே அவித்துவிடுங்கள்.

நல்லதைக் கழுவாதீர்கள். மண்ணைத் தட்டிவிட்டு, காற்றோட்டமான நிழலில் பேப்பர் மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள். ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். காயம் ஆறித் தோல் தடிக்கும், மாவு சர்க்கரையாக மாறும். குளிர் நாட்டில் இதற்கென்றே அறையைச் சூடாக்கி 30 டிகிரிப் பக்கம் வைத்து, ஈரப்பதம் 85, 90 விழுக்காடு இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். நம் கோலாலம்பூரில் வராந்தாவே அப்படித்தான் இருக்கிறது. ஐஸ்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், நடுவில் கட்டை தட்டிப் போகும்.

கத்தரி மார்ச்சில் வைத்தது என்றால் கிழடு இல்லை. பளபளப்பு இருக்கிற காயைக் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பளபளப்பு போனது விதை முற்றியது. ஒன்றை மட்டும் மஞ்சளாகிற வரைக்கும் விடுங்கள், விதைக்கு. அப்புறம் செடியைத் தரையிலிருந்து முக்கால் அடி விட்டுக் கவாத்து செய்தால் இரண்டு மாதத்தில் புதுத் துளிர் விட்டுக் காய்க்கும். பிடுங்கச் சொன்னால் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

பயத்தங்காயை விதை புடைப்பதற்கு முன்னால் பறிக்க வேண்டும். பறிக்கும்போது காம்பை மட்டும் கிள்ளுங்கள், அந்தக் காம்பு முட்டிலேயே திரும்பப் பூக்கும். முடிந்துபோன கொடியை வேரோடு இழுக்க வேண்டாம், தரையோடு அறுங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கும் பாருங்கள், தழைச்சத்து அதில்தான். மண்ணிலேயே மக்கட்டும், அடுத்து வைக்கிற கீரைக்கு அதுதான் சோறு.

பூசணிக் காம்பு கட்டை மாதிரி காய்ந்து, நகத்தால் அழுத்தினால் தோலில் பதியாமல் இருந்தால் முற்றிவிட்டது. காம்பை இரண்டு விரல்கட்டை நீளத்துக்கு விட்டு வெட்டுங்கள். காம்பு பிடித்துத் தூக்காதீர்கள், உடைந்தால் அந்த ஓட்டையிலிருந்துதான் அழுகல் தொடங்கும்.

இன்னொன்று, இது எனக்கு உள்ளுக்குள் கொதிக்கிற விஷயம். அடைமழை தொடங்குகிற நேரத்தில் மண்ணை மொட்டையாக விடக் கூடாது. ஒரு மழைக்கே மேல்மண் ஓடிப் போகும். ஏழு எட்டு மாதம் நீங்கள் போட்ட எரு ஓடையில் போய்ச் சேரும். எப்படியும் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும் என்றால், அறுத்த கொடியையும் காய்ந்த இலையையும் பாத்தி மேலேயே பரப்பச் சொல்லுங்கள். லோரி எதற்கு?

பிரிக்ஃபீல்ட்ஸ் சமையல்:

மரவள்ளிக்கு அவசரமே இல்லை அக்கா, மண்ணுக்குள் இருக்கிற வரைக்கும்தான் அது நல்லா இருக்கும். தோண்டினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு விழுந்துவிடும். பிடுங்கியே ஆக வேண்டும் என்றால் தோலை உரித்து, துண்டு போட்டு ஃபிரீசரில் வையுங்கள். கொழுந்து இலையை மாக்சிக்கிடம் கொடுங்கள், அவர்கள் அந்தப் புச்சோக் உபியை (மரவள்ளிக் கொழுந்து) தேங்காய்ப்பாலில் வைப்பார்கள். இலையையும் கிழங்கையும் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், வேகாததில் நஞ்சு இருக்கிறது. தண்டை எறியாதீர்கள், ஒரு சாண் துண்டாக வெட்டி நட்டால் அடுத்த மரவள்ளி அதுதான்.

பாகற்காய் முள் கொஞ்சம் தடித்துப் பளபளக்கும்போது பறித்துவிடுங்கள். ஒன்றை விட்டால் ஆரஞ்சு நிறத்தில் பழுத்து வெடிக்கும். உள்ளே சிவப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவிவிட்டு விதையைக் காய வையுங்கள்.

வங்சா மாஜு குழுக்காரர்:

நான் வேறொரு தாமானில் (குடியிருப்புப் பகுதி) குடியிருப்புக் குழுவில் இருக்கிறேன். உங்கள் குழு மேல் கோபப்படாதீர்கள், ஒரு வீட்டில் டிங்கி வந்தால் எத்தனை போன் வரும் என்று எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஏடிஸ் மண்ணில் முட்டை இடாது. தேங்கி நிற்கிற தண்ணீர் வேண்டும் அதற்கு: பூச்சட்டித் தட்டு, மூடாத தோம்பு (தண்ணீர்ப் பீப்பாய்), பழைய டயர், சீவிப் போட்ட இளநீர்க் கூடு. தோட்டத்தில் யாரும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது, பந்தலுக்கு நட்ட மூங்கில் கம்பின் உச்சி. வெட்டிய கணுவுக்கு மேலே குழி மாதிரி இருக்கும், மழைத் தண்ணீர் நின்றுவிடும். பிவிசி குழாயும் அதே கதைதான். மூங்கில் குழியில் மணல் போட்டு நிரப்புங்கள், குழாய் வாயை டேப் ஒட்டி மூடுங்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை யாராவது சுற்றிப் பார்த்தால் சரி. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே தலைவரைக் கையோடு கூட்டிப் போய்க் காட்டுங்கள். மெசேஜில் சொன்னால் எடுபடாது.

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலையிலேயே சர்க்கரைவள்ளியைத் தோண்டினோம், நானும் மாக்சிக்கும். அண்ணன் சொன்ன மாதிரி ஒரு முழம் தள்ளித்தான் நெம்பினேன், அப்படியும் இரண்டு கிழங்கு வெட்டுப்பட்டது. அதை அன்றைக்கே அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிட்டோம். மற்றது பதினொரு கிலோ. இப்போது வாசல் வராந்தாவில் பேப்பர் மேல் கிடக்கிறது, ஷூ வைக்க இடமில்லை என்று பையன் முணுமுணுக்கிறான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைவரைக் கூட்டிப் போனேன். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பாகல் பந்தலில் ஒரு மூங்கிலைச் சாய்த்துக் காட்டினேன், ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. அதில் கூத்தாடிப் புழு நெளிந்ததை அவரே குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து லோரிக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்தார்கள். நாற்பத்து மூன்று கம்புக்கு மணல் போட்டோம். தோம்புக்கெல்லாம் வலை கட்டினோம். வெண்டையும் பயத்தங்காயும் தரையோடு அறுத்துப் பாத்தி மேலேயே கிடக்கிறது. கத்தரி நாலும் முக்கால் அடியில் நிற்கிறது, பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு பாத்திக்காரர்கள் மட்டும் முன்னாலேயே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். அங்கே நேற்றைய மழையில் மண் வழிந்து நடைபாதைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு என் சர்க்கரைவள்ளிக் கொடியில் பாதியைக் கொடுத்திருக்கிறேன், இன்றைக்கு நடுகிறார்கள்.

அண்ணே, ஒரு சந்தேகம். கவாத்து செய்த கத்தரிக்கு இப்போதே எரு வைக்கலாமா, துளிர் வந்த பிறகா?

பழைய லயத்துக்காரன்:

துளிர் ஒரு விரல் நீளம் வரட்டும் தங்கச்சி. அப்புறம் வையுங்கள், தண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி.